மலை சைக்கிளுக்கு முழு மட்கார்டு: ஷாக் ஃபோர்க்கில் எப்படி மாட்டுவது?

கால்வாய்க்கரை:

வணக்கம். மான்செஸ்டரை ஒட்டிய சேல் என்ற ஊரில் இருக்கிறேன், வேலை நகரத்துக்குள் காஸில்ஃபீல்டு பக்கம். பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்க் கரை வழியாக ஒரு வழிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், கோடை முழுக்க சுகமாக ஓட்டினேன். அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை என்பதால் ஏற்றம் இறக்கமே கிடையாது, கார் தொல்லையும் இல்லை.

அக்டோபர் பாதி தாண்டியதும் கதை மாறிவிட்டது. இலையெல்லாம் உதிர்ந்து மழையில் ஊறி கூழாகிக் கிடக்கிறது, அதன் மேல் ஓட்டினால் அலுவலகம் போய்ச் சேரும்போது முதுகில் தண்டுவடத்தை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு, ஷூவுக்குள் குளம், முகத்தில் எதெது தெறித்தது என்று யோசிக்காமல் இருப்பதே நல்லது (கரை நெடுக நாய் நடத்துகிறவர்கள் அதிகம்). சீட்டுக் கம்பியில் கவ்வ வைக்கிற வாத்து வால் மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை வாங்கிப் போட்டேன். முதுகுக் கோடு பாதி குறைந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. போதாததற்கு அது பின் விளக்கையும் மறைக்கிறது.

சைக்கிள் பழையது வாங்கியது. 26 அங்குலச் சக்கரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த 2.1 அங்குல டயர், முன்னால் 100 மில்லிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங் ஷாக் ஃபோர்க், பின்னால் ஷாக் இல்லை, இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். ஊரில் அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் இருக்குமே, சக்கரத்தை முக்கால்வாசி மூடுகிற மட்கார்டு, அந்த மாதிரி வேண்டும். கடையில் கேட்டால் "இதற்கெல்லாம் அது பொருந்தாது, வேற சைக்கிள் வாங்கு" என்றார்கள். உண்மையிலேயே பொருந்தாதா, அல்லது மெனக்கெட வேண்டாம் என்று சொன்னார்களா? பின்னால் மரை போட்ட ஓட்டைகள் இருக்கின்றன, முன் ஃபோர்க்கில் ஒன்றுமே இல்லை. ஃபோர்க் காலில் நானே டிரில் போட்டு ஓட்டை எடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை.

பழையசெயின்:

முதலில் அந்த டிரில்லை உள்ளே வையுங்கள் நண்பரே. ஷாக் ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் மெக்னீசியம் வார்ப்பு, உள்ளே எண்ணெயோ கிரீஸோ இருக்கும், சுவர் மெல்லியது. அதில் ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுகுவது ஒரு பக்கம், பிரேக் பிடிக்கும்போது அங்கேதான் விரிசல் கிளம்பும். முன் ஃபோர்க் உடைந்தால் விழுவது முகத்தில்.

பொருந்தாது என்று சொன்னது பாதி உண்மை. முழு மட்கார்டு எல்லாம் ஃபோர்க் நகராது என்று நம்பிச் செய்யப்பட்டவை, உங்கள் ஃபோர்க் நகரும், தகராறு அவ்வளவுதான். ஷாக் ஃபோர்க்கில் இரண்டு பகுதி உண்டு. மேலே ஹேண்டில் பாரோடு சேர்ந்த கிரவுன், அதிலிருந்து இறங்கும் பளபளப்பான குழாய்கள். கீழே சக்கரத்தோடு சேர்ந்த தடித்த கால்கள், அந்த இரண்டையும் டயருக்கு மேலே இணைக்கும் வில் மாதிரியான பாலம். பள்ளத்தில் இறங்கும்போது கீழ்ப்பகுதி அப்படியே 100 மில்லி மேலே ஏறும். அதனால் மட்கார்டை முழுக்க முழுக்கக் கீழ்ப்பகுதியில்தான் கட்ட வேண்டும், வில்லில் ஒரு பிடி, இரண்டு கால்களில் ஒவ்வொரு பிடி. நிறையப் பேர் பண்ணுகிற தப்பு என்னவென்றால், மட்கார்டோடு வருகிற தகட்டை வழக்கம்போல கிரவுனில் போல்ட் பண்ணிவிட்டு தாங்கு கம்பியை மட்டும் கீழ்க்காலில் கட்டுவது. நின்றபடி பார்த்தால் அழகாக இருக்கும், முதல் பள்ளத்தில் டயர் மட்கார்டுக்குள் புகுந்து அதைச் சுருட்டிவிடும்.

கிரவுனுக்கு அடியில் இருக்கும் ஓட்டைக்குள் செருகி மாட்டுகிற வகை ஒன்று இருக்கிறது, எஸ்கேஎஸ் ஷாக்பிளேடு மாதிரி. அது டயருக்கு வெகு மேலே நிற்பதால் இடிக்காது, முகத்துக்கும் நல்லது. ஆனால் கால் நனைவதை அது தடுக்காது. உங்கள் ஷூவுக்குள் குளம் கட்டுவது முன் சக்கரம் கீழ்ப்பகுதியில் இருந்து பின்னால் வீசுகிற தண்ணீரால். பெடல் அச்சும் செயினும் மணலில் ஊறுவதும் அதனால்தான்.

வாங்கும் முன் அளவு எடுங்கள். வில்லின் அடிப்பக்கத்துக்கும் டயர் உச்சிக்கும் இடையே எத்தனை மில்லி? காற்றில் தூக்கிப் பிடித்த நிலையில் கிரவுன் அடிப்பக்கத்துக்கும் டயருக்கும் இடையே எத்தனை? பின்னால், பெடல் அச்சை ஒட்டி இரண்டு குழாய்களும் குறுகுகிற இடத்தில் உள் அகலம் எத்தனை? மட்கார்டு டயரை விடக் குறைந்தது 10 மில்லியாவது அகலமாக இருந்தால்தான் தண்ணீர் ஓரத்தில் பீச்சாது, ஆக 2.1 டயர் என்றால் 65 மில்லி மட்கார்டு வேண்டும். அது அந்தக் குறுகலான இடத்தில் நுழையுமா என்று பாருங்கள்.

மூன்றாவதுகியர்:

ப்ரோ, இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? நான் நாலு வருஷமா நியூகாஸிலில் முன்னாடி ஃபோர்க் வில்லில் கேபிள் டை போட்டுக் கட்டுகிற சின்ன பிளாஸ்டிக் தாள், பின்னாடி அகலமான கிளிப் வகை, அவ்வளவுதான் வைத்திருக்கிறேன். இரண்டே நிமிஷத்தில் கழற்றலாம், ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதைக்குப் போகும்போது மட்கார்டு கடகடவென்று ஆடுகிற பிரச்சினையும் இல்லை. காலுக்கு நீர் புகாத ஷூ கவர் போட்டால் முடிந்தது. மலை சைக்கிளுக்கு முழு மட்கார்டு போடுவது வேட்டிக்கு பெல்ட் கட்டுகிற மாதிரி.

ஹரோ_அண்ணன்:

வேட்டிக்கு பெல்ட் கட்டாத ஆளே இல்லை தம்பி, யாழ்ப்பாணத்திலும் கட்டுவார்கள், திருநெல்வேலியிலும் கட்டுவார்கள் 😄

கால்வாய்க்கரை, நான் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலமே இந்த மட்காட் வேலையில் கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால் ஒன்று சொல்லுகிறேன். டயரை முதலில் மாற்றுங்கோ. அந்தப் பல் வைத்த டயர் கரையில் ஓட ஒரு தேவையும் இல்லை, அது சேற்றை அள்ளி எறியத்தான் செய்திருக்கிறது, தார் ரோட்டில் கால் வலிதான் மிச்சம். 26 × 1.75 அளவில் ஷ்வால்பே மராத்தான் போல ஒன்று போட்டால் அகலம் 54 மில்லியில் இருந்து 47 ஆகும், உயரமும் கிட்டத்தட்ட 7 மில்லி குறையும். அந்த 7 மில்லிதான் உங்களுக்கு மட்காட் போக இடம். மட்காட்டும் 60 மில்லி போதும், 65 தேடி அலைய வேண்டாம். மராத்தான் பிளஸ் என்றால் உள்ளே 5 மில்லித் தடிப்பில் ரப்பர் பட்டி இருக்கிறது, பஞ்சர் குறைவு, ஆனால் பாரம், ரிம்மில் ஏற்றுவதற்குள் பெருவிரல் போய்விடும். இருட்டில், மழையில், கை விறைக்க விறைக்க ஒருக்கா ட்யூப் மாற்றிப் பார்த்தவனுக்கு அந்தப் பாரம் பாரமாகவே தெரியாது.

அகலம் குறைகிறது என்று 1.25 வரைக்கும் மட்டும் போக வேண்டாம். அகல ரிம்மில் மெல்லிய டயர் சரியாக இருக்காது, ஈர இலையில் வழுக்கும், பெடலும் நிலத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

கால்வாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வரவேற்பறையில் பழைய செய்தித்தாள் விரித்து சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அளந்தேன், வீட்டில் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வில்லுக்கும் டயருக்கும் இடையே 12 மில்லி. கிரவுனுக்கும் டயருக்கும் 112. ஃபோர்க் கால்களுக்கு நடுவே உள் அகலம் 74. பின்னால் பெடல் அச்சை ஒட்டி 68. சீட்டுக்குக் கீழே பின் குழாய்களை இணைக்கும் குறுக்குக் கம்பிக்கும் டயருக்கும் 22, ஆனால் அந்தக் குறுக்குக் கம்பியில் ஓட்டை இல்லை. பின் டிஸ்க் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்வுகிற பகுதி) குழாய்க்கு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது, தாங்கு கம்பி போகிற வழியில் அதுதான் நந்தி.

பழையசெயின்:

நல்ல அளவுகள். ஹரோ அண்ணன் சொன்ன டயரைப் போட்டால் வில்லுக்கு அடியில் 12, 19 ஆகும். மட்கார்டு, அதன் கிளிப், போல்ட் தலை எல்லாம் சேர்த்து ஒரு 5 மில்லி தின்றாலும் 14 மிச்சம், கரையில் ஓட்ட அது போதும். பத்துக்குக் கீழே போனால் ஒட்டிக்கொண்டு வருகிற இலையும் குச்சியும் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

கிரவுன் கணக்கும் முக்கியம், இதை யாரும் பார்ப்பதில்லை. 112 இப்போது 119 ஆகும். ஃபோர்க் முழுக்க இறங்கினால் 100 போய்விடும், மிச்சம் 19. அதிலும் மட்கார்டு உட்கார வேண்டும், உட்காரும், 14 தள்ளி நிற்கும். பழைய டயரோடு போட்டிருந்தால் ஏழெட்டுதான் இருந்திருக்கும், மட்கார்டு கொஞ்சம் ஆடினாலும் ஒரு நல்ல பள்ளத்தில் கிரவுன் அதை டயர் மேல் அழுத்தியிருக்கக்கூடும். மாட்டி முடித்ததும் கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு தடவை ஃபோர்க்கை முழுக்க அழுத்திப் பாருங்கள். காற்று ஃபோர்க் என்றால் காற்றை இறக்கிவிட்டு அழுத்தலாம். உங்களுடையது ஸ்பிரிங், கனமான நண்பர் ஒருவரை ஹேண்டில் பார் மேல் சாயச் சொல்லுங்கள், அல்லது மேல் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போது மட்கார்டின் பின் பகுதி சட்டத்தின் கீழ்க்குழாயில் முட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.

முன்னால் மாட்டுவது இப்படி. மட்கார்டில் வில்லுக்கு நேர் கீழே வரும் இடத்தில் இரண்டிரண்டாக நாலு சின்ன ஓட்டை. வில்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவே பழைய ட்யூபில் வெட்டிய ரப்பர் துண்டு, இல்லையென்றால் பெயின்டும் போகும், சத்தமும் வரும். நல்ல தடித்த கேபிள் டை இரண்டு, வெயிலில் வெளுக்காத கறுப்பு வகை. தாங்கு கம்பிக்குக் கால்களில் ரப்பர் உறை போட்ட பி-கிளிப், அதாவது காலைச் சுற்றிக் கவ்வி ஒரு போல்ட்டால் இறுகுகிற வளையம். கீழே போகப் போக காலின் சுற்றளவு மாறும், அதனால் எங்கே கட்டப்போகிறீர்களோ அந்த இடத்தை ஒரு நூலால் சுற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். இடது காலில் பிரேக் காலிப்பர் இருப்பதால் அதற்கு மேலே கட்டுங்கள், வலது காலிலும் அதே உயரம். பிரேக் குழாயை பி-கிளிப் நசுக்கவோ உரசவோ கூடாது. பி-கிளிப் கிடைக்காவிட்டால் பிளம்பர்கள் போடுகிற ஹோஸ் கிளாம்ப், அடியில் ட்யூப் ரப்பர் சுற்றி. அசிங்கமாக இருக்கும், ஆனால் பிடிக்கும். தாங்கு கம்பியைச் சக்கர அச்சு நட்டுக்கு இடையிலோ குவிக் ரிலீஸ் (சக்கரத்தைக் கையாலேயே இறுக்கிக் கழற்றுகிற நெம்பு) அடியிலோ நுழைத்து இறுக்குகிற வேலை மட்டும் வேண்டாம், சக்கரம் சரியாக இறுகாது.

இந்த ஏற்பாட்டில் முன் தாங்கு கம்பி, மட்கார்டில் சேரும் முனையிலோ காலில் சேரும் முனையிலோ, இழுத்தால் கழன்று வருகிற பிளாஸ்டிக் கிளிப்பாக இருக்க வேண்டும். எஸ்கேஎஸ் போன்றவை அந்த கிளிப்போடுதான் வருகின்றன. அது ஏன் என்று நான் கற்றுக்கொண்டது லீட்ஸ் கால்வாய்க் கரையில். அப்போது என்னிடம் இருந்த பழைய மட்கார்டில் அந்த கிளிப் கிடையாது. விரல் தடிமன் குச்சி ஒன்று டயரோடு ஏறி தாங்கு கம்பியில் சிக்கி, மட்கார்டை மடித்துச் சக்கரத்துக்கு அடியில் தள்ளி, முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. ஹேண்டிலைத் தாண்டி நான் புல்லில் விழுந்தேன், இரண்டடி தள்ளி இருந்தால் தண்ணீர். கேபிள் டையையும் பி-கிளிப்பையும் வைத்து இரும்புப் பிடியாகக் கட்டிவிட்டு இந்த கிளிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நெல்லைமிதி:

பின்பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், போன மாதம்தான் இதே கூத்து நடந்தது. குறுக்குக் கம்பியில் ஓட்டை இல்லாவிட்டால் கவலை வேண்டாம், மட்கார்டோடு வருகிற தகடு பெரும்பாலும் மெல்லிய வளையக்கூடிய தகடுதான், அதை அந்தக் கம்பியைச் சுற்றி மடித்துக் கவ்வ வைக்கலாம், அடியில் ரப்பர் வைத்து. பெடல் அச்சு பக்கம் கீழ் முனையை ஒரே ஒரு கேபிள் டையால் கட்டலாம்.

முன் டெரெய்லர் (பெடல் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு நடுவே செயினை மாற்றுகிற கருவி) இருந்தால் பாருங்கள், அதன் கூண்டு உள்பக்கம் வரும்போது, அதாவது சின்னப் பல்சக்கரத்தில் செயின் இருக்கும்போது, மட்கார்டு ஓரத்தில் உரசும். பிளாஸ்டிக் மட்கார்டு என்றால் அந்த இடத்தில் கூர்மையான கத்தியால் ஒரு பிறைத் துண்டு வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். நான் தலை உலர்த்துகிற ஹேர் டிரையரால் சூடுபடுத்தி உள்ளே அமுக்கப் பார்த்தேன், வளைந்தது, மறுநாள் திரும்ப நிமிர்ந்துகொண்டது.

காலிப்பர் இடிப்பதற்கு இரண்டு வழி. நீளமான எம்5 போல்ட்டும் நடுவே ஒரு சின்னக் குழாய்த்துண்டும் வைத்துத் தாங்கு கம்பியை வெளியே தள்ளலாம். 15 மில்லி வரைக்கும் சரி, அதற்கு மேல் போனால் போல்ட் நெம்புகோல் மாதிரி ஆகி மரை பிய்ந்துவரும், அலுமினியச் சட்டத்தில் மரை போனால் அழுகைதான். அதைவிடத் தாங்கு கம்பியையே வைஸில் பிடித்து காலிப்பரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி வளைப்பது நல்லது. கம்பியை நீளம் குறைக்க ஹேக்சா பிளேடு போதும், முனையை அரத்தால் மழுக்கி ரப்பர் தொப்பி போட மறக்க வேண்டாம், கெண்டைக்காலில் கோடு போட்டுவிடும். போல்ட் எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும், மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இல்லாவிட்டால் அலுமினியத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வசந்தத்தில் கழற்ற வராது.

மூன்றாவதுகியர்:

சரி, பள்ளத்தில் குதிக்காத ஆளுக்கு ஷாக் எதுக்கு? ஃபோர்க்கையே மாற்றிவிட்டால் இந்த வில், பி-கிளிப் கதையெல்லாம் இல்லையே. நேரான ஸ்டீல் ஃபோர்க், மட்கார்டு ஓட்டையோடு, பழையது நாற்பது பவுண்டுக்குக் கிடைக்கும்.

பழையசெயின்:

முதல் முறையாகத் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ரொம்பக் காலம் இதே சைக்கிளை வேலைக்கு ஓட்டப்போகிறார் என்றால் அதுதான் சுத்தமான வழி, விலை மலிந்த ஸ்பிரிங் ஃபோர்க்குக்குப் பதிலாகப் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் எடையும் குறையும், குளிர்காலத்தில் சேறும் உப்பும் தின்ன அதில் ரப்பர் சீலும் கிடையாது.

ஆனால் ஏதோ ஒரு நேர் ஃபோர்க்கை வாங்கிப் போட்டுவிடக் கூடாது. அச்சிலிருந்து கிரவுன் வரை உயரம் பொருந்த வேண்டும். 26 அங்குலத்துக்கான 100 மில்லி ஷாக் ஃபோர்க் சுமார் 470 இருக்கும், நீங்கள் உட்கார்ந்ததும் ஒரு இருபது இருபத்தைந்து இறங்கும். அதனால் 440, 450 பக்கம் இருக்கிற, ஷாக்குக்குப் பதில் போடவென்றே செய்த ஃபோர்க் வேண்டும். பழைய ரோடு பாணி ஃபோர்க் 400-க்கும் கீழே இருக்கும், அதைப் போட்டால் முன்பக்கம் குனிந்து ஹேண்டில் பதறும். 20 மில்லிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சாய்மானம் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் காலிப்பர் மாட்ட இடம், ஹேண்டில் தண்டு ஒன்றேகால் இல்லை ஒன்றே அரைக்கால் அங்குலமா, வெட்டின தண்டு உங்கள் சட்டத்துக்கு நீளம் போதுமா, எல்லாம் பார்க்க வேண்டும். பழையது வாங்கினால் பாதிக்குப் பாதி தண்டு குட்டையாக இருந்து ஏமாற்றும்.

ஈரக்காலுறை:

கிளாஸ்கோவில் இருந்து எழுதுகிறேன், மழையைப் பற்றி எங்களிடம் பேச வேண்டாம் 🙂 அண்ணன்மார் எல்லாரும் நட்டு போல்ட்டு பேசிவிட்டீர்கள், கடைசி பத்து சென்டிமீட்டரை விட்டுவிட்டீர்கள். முன் மட்கார்டு எவ்வளவு நீளம் என்பதில்தான் கால் நனைவதும் நனையாததும் இருக்கிறது. கடையில் வருகிற மட்கார்டு பெரும்பாலும் பெடல் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும், அதற்குக் கீழிருந்து வருகிற தண்ணீர் நேரே ஷூ முனையில்தான் அடிக்கும். அங்கே ஒரு ரப்பர் நாக்கு தொங்கவிடுங்கள், தரைக்கு எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரம் வரை. ஊர் சைக்கிளில் மட்கார்டு அடியில் சிவப்பிலோ கறுப்பிலோ ஒரு ரப்பர் தொங்குமே, சிலர் அதில் சாமி பெயர் எழுதி வைத்திருப்பார்களே, அதேதான். சின்ன வயதில் அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

நான் முதலில் பெரிய பால் பாட்டிலின் பக்கவாட்டை வெட்டிப் போட்டேன், ஒரு மாதம் வந்தது, குளிரில் வெடித்துவிட்டது. இப்போது பழைய கார் கால்மிதி ரப்பர், இரண்டு சின்ன போல்ட்டு, பெரிய வாஷர், இரண்டாவது குளிர்காலம் ஓடுகிறது. மேலே மட்கார்டு அகலம், கீழே கொஞ்சம் விரிந்து வருகிற மாதிரி வெட்டுங்கள். பின்னாலும் ஒன்று போட்டால் உங்கள் பின்னால் வருகிறவர் உங்களைத் திட்ட மாட்டார்.

இன்னொன்று. சைக்கிளை எங்கே நிறுத்துகிறீர்கள்? நான் பழைய டெனமென்ட் கட்டடத்தில் மூன்றாவது மாடி, படியில் தூக்கிக்கொண்டு ஏறும்போது முன் நாக்கு ஒவ்வொரு படியிலும் மாட்டும், பழகிவிட்டது. ஆனால் அலுவலகத்தில் சைக்கிளை நிமிர்த்தி முன் சக்கரத்தைக் கொக்கியில் தொங்கவிடுகிற நிறுத்தம். முழு மட்கார்டு போட்ட அன்றே பின் முனை தரையில் இடித்து மடங்கியது. இப்போது பின் மட்கார்டை ஒரு சாண் குறைத்து வெட்டி, அந்தக் குறையை மடங்குகிற ரப்பரால் ஈடு கட்டியிருக்கிறேன். வெட்டும் முன் அலுவலக நிறுத்தத்தைப் போய்ப் பாருங்கள்.

ஹரோ_அண்ணன்:

தங்கச்சி சொன்னது நூறு வீதம் சரி. விளக்கையும் பார்க்க வேணும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. இங்கே இருட்டில் ஓட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கும், சிவப்புப் பிரதிபலிப்பானும் சட்டப்படி இருக்க வேணும், 1985 அக்டோபருக்குப் பிறகு செய்த சைக்கிள் என்றால் பெடலிலும் மஞ்சள் பிரதிபலிப்பான் வேணும். அந்த வாத்து வாலைக் கழற்றினால் உங்கள் பின் விளக்கு திரும்பத் தெரியும். பின் பிரதிபலிப்பானை மட்காட்டிலேயே போல்ட் பண்ணலாம், விளக்கை வேண்டாம், மட்காட் ஆட ஆட விளக்கின் பாரத்துக்குப் பிளாஸ்டிக் அந்த இடத்தில் வெடிக்கும்.

கால்வாய்க்கரை:

மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன். ஃபோர்க்கை மாற்றவில்லை, இந்த வருடத்துக்கு இருப்பதை வைத்தே பார்க்கலாம் என்று முடிவு. 26 × 1.75 டயர், 60 மில்லி மட்கார்டு, ஆறு பி-கிளிப் வாங்கினேன் (அதில் நாலு தப்பான அளவு, நூலால் அளக்கச் சொன்னதைக் கேட்காமல் கண்ணால் அளந்ததன் பலன்).

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, ஒரு மணி நேர வேலை என்று வீட்டில் சொல்லி, சாயங்காலம் ஐந்துக்கு முடித்தேன். பின்பக்கம் தாங்கு கம்பியை வளைக்க வைஸ் இல்லாததால் கதவு இடுக்கில் வைத்து வளைத்தேன், கதவு பற்றிக் கேட்காதீர்கள். இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி வரவே மாட்டேன் என்றது. கடைசியில் தோட்டத்துத் தண்ணீர் பைப்பில் ஒரு முழம் வெட்டி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே செருகி, அதை வைத்துக்கொண்டே எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு உருவினேன், கம்பாஸ் வைத்து வரைந்த மாதிரி வந்துவிட்டது. யாருக்காவது பயன்படட்டும்.

பக்கத்து வீட்டு நண்பர் தொண்ணூறு கிலோ, அவரை ஹேண்டில் மேல் சாய வைத்து அழுத்திப் பார்த்தோம். கிரவுன் இடிக்கவில்லை. மட்கார்டின் பின் பகுதி கீழ்க்குழாயைத் தொட்டது, பழையசெயின் அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். கால் கிளிப்பை இரண்டு விரல் கீழே இறக்கி, தாங்கு கம்பியை அந்த அளவுக்கு வெட்டியதும் மட்கார்டு முன்னால் இழுபட்டு விலகிவிட்டது.

முதல் வாரம் ஸ்ட்ரெட்ஃபோர்டு தாண்டி கற்கள் பதித்த ஒரு இடத்தில் மட்டும் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். நாலு நாள் தேடினேன். சாவி மாட்டும் வளையம் என் பையில் இருந்து தொங்கி மட்கார்டில் தட்டிக்கொண்டிருந்தது.

நேற்று கொட்டிய மழையில் போனேன். முதுகு காய்ந்தது, முகம் காய்ந்தது, ஷூவின் மேல் மழை விழுந்த அளவுக்குத்தான் ஈரம், காலுறையைப் பிழிய வேண்டியிருக்கவில்லை. ஈரக்காலுறை அக்கா சொன்ன கார் கால்மிதி ரப்பர்தான் அதைச் செய்தது, அது இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தபோது ஷூ நனைந்தது. ஒரே தொல்லை, இலை. வில்லுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே சேர்ந்து அடையாக ஒட்டிக்கொள்கிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை குச்சியால் நோண்டி எடுக்கிறேன். அங்கே ஒரு கேபிள் டையின் முனை உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது, அதில்தான் மாட்டுகிறதோ?

பழையசெயின்:

அதேதான். கேபிள் டையின் தலை எப்போதும் வெளிப்பக்கம், மேலே வர வேண்டும். வெட்டிவிட்டுத் திருப்பிப் போடுங்கள். ரோட்டில் உப்பு தூவ ஆரம்பித்துவிட்டார்கள், உங்கள் ஊர் கரையில் தூவ மாட்டார்கள் என்றாலும் கரைக்கு வருவதற்குள் ஓட்டுகிற தெருவில் இருக்கும். வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர், சோப்பு வேண்டாம், கையால் ஊற்றிக் கழுவிவிட்டு செயினுக்கு எண்ணெய்.

மூன்றாவதுகியர்:

ப்ரோ, அந்த 2.1 டயர் சும்மா கிடந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன், தபால் செலவு என்னுடையது.

கால்வாய்க்கரை:

பின் டயர் பரவாயில்லை, முன் டயரில் பாதிப் பல் இல்லை. இரண்டும் சேர்த்து ஒரு பாட்டில் செயின் எண்ணெய்க்குத் தருகிறேன்.